மறைப்பே வட்டி





இப்பௌர்ணமி நாளில் நாம் ஆராயப் புகும் பொருள் கடன். தியானத்தையும் நிப்பாணத்தையும் பேசவேண்டிய விகாரையில் வட்டிக் கணக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பகவன் புத்தரோ கடனைப் பற்றிப் பேசக் கூசியவர் அல்லர். துறவு பூண வருவோனைச் சங்கத்தார் கேட்கவேண்டிய வினாக்களுள், அவனுக்குக் கடன் உண்டா இல்லையா என்பதும் ஒன்றாக விநயத்தில் வைக்கப்பட்டுள்ளது. சாமஞ்ஞபல சுத்தத்தில், மனத்தடைகள் நீங்கிய ஒருவன் எய்தும் மகிழ்ச்சிக்கு உவமை கூறப் புகுந்த ததாகதர், முதற்கண் எடுத்துக்கொண்டது கடனைத் தீர்த்து முடித்தவனின் மகிழ்ச்சியையே. நோய் நீங்கியவனும், சிறை மீண்டவனும், அடிமைத்தளை அறுந்தவனும், பாலையைக் கடந்தவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். ஆதலின் இப்பொருள் தம்மத்திற்குப் புறம்பானது அன்று.

நம் சங்கங்களைச் சேர்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் கூலியால் வாழ்பவை. பம்பாயில் 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அவர்களுள் பல்லாயிரவர்க்கு ஆலைக்கதவு மீண்டும் திறக்கவேயில்லை. கோலார் தங்கவயலில், நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் பொழுது புலருமுன் பெங்களூர் இரயிலேறி, இரவில் வீடு திரும்பும் மக்களைக் காண்போர் அம்மூடலின் விளைவை அறிவர். பெங்களூரின் பஞ்சாலைகள் பலவும் அவ்வழியே சென்றன. நாம் நூல் நூற்ற ஆலையும் அவற்றுள் ஒன்று. கூலி நின்ற வீட்டில் அடுப்பு நிற்பதில்லை. பள்ளிக் கட்டணமும் வாடகையும் நிற்பதில்லை. அவ்விடைவெளியில் நுழைவதுதான் கடன்.

ஆறு படிகள்

அங்குத்தர நிகாயத்தின் ஆறன் தொகுதியில் இண சுத்தம் என்றொரு போதனை உண்டு. பாலியில் இணம் என்பது கடன். அதில் பகவன், இல்லறத்தான் ஒருவன் வறுமையினின்று எவ்வாறு படிப்படியாக இறங்குகிறான் என்பதைப் பிக்குகளிடம் வினவி வினவி விளக்குகின்றார். முதற்படி வறுமை. வறியவன் கடன் படுகிறான். அது இரண்டாம் படி. கடன் பட்டவன் வட்டிக்கு ஒப்புகிறான். வட்டி தவறியவனைக் கடன் கொடுத்தோர் வந்து வற்புறுத்துகின்றனர். அதன் பின்னும் செலுத்தாதவனை நிழல்போல் பின்தொடர்கின்றனர். முடிவில் அவனைத் தளைப்படுத்துகின்றனர். இவ்வாறும் துன்பமே என்று பகவன் அருளினார்.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று. வறுமையைப் பகவன் துன்பம் என்றாரேயன்றிக் குற்றம் என்றாரில்லை. சக்கவத்தி சீகநாத சுத்தத்தில், அரசன் பொருளற்றோர்க்குப் பொருள் வழங்காமையால் வறுமை பெருகியது, வறுமையால் களவு பெருகியது என்று காரணத்தை அரசன் வாயிலிலேயே வைத்தார். கூடதந்த சுத்தத்திலோ, உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்கு ஊதியமும் கொடுத்தலே நாட்டை அமைதியுறச் செய்யும் வழி என்று கூறப்பட்டுள்ளது. ஆதலின் ஆலை மூடியதால் வேலையிழந்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. ஆலையை மூடியவன் அவன் அல்லன்.

இனி அச்சுத்தத்தின் பிற்பகுதிக்கு வருவோம். நாம் இன்று சொல்ல வந்தது அதனுள்ளேதான் இருக்கிறது. உலகியற் கடனைச் சொல்லி முடித்த பகவன், அதனை அறவாழ்வுக்குப் பொருத்திக் காட்டுகின்றார். நல்லறமாகிய செல்வம் இல்லாதவனே வறியவன். அவன் மனம், மொழி, மெய்களால் செய்யும் தீவினையே அவன் பட்ட கடன். அக்கடனுக்கு வட்டி எது? செய்ததைப் பிறர் அறியாதிருக்கவேண்டும் என்று மூடி மறைக்கிறானே, அம்மறைப்பே வட்டி என்கின்றார் ததாகதர்.

உபாசகர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். பகவன் இதனைத் தீவினை குறித்தே அருளினார். பணக்கடன் தீவினை என்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லோம். ஆயினும் அவர் காட்டிய உறவை நம் வீட்டுக் கடனில் வைத்துப் பார்ப்பின், அது பழுதின்றிப் பொருந்துகிறது. கடன் ஓரளவில் நிற்பது; அதனை நாள்தோறும் வளர்ப்பது மறைப்பு.

பஞ்சாலையில் நின்றோர் இதனைக் கண்ணால் கண்டவர்கள். ரிங் பிரேமில் இழை அறுவது இயல்பு. அறுந்த முனையை உடனே தேடியெடுத்து ஒட்டினால் நூல் ஓடும். காணாததுபோல் விட்டுவிட்டால், பஞ்சு உருளையைச் சுற்றிக்கொண்டு தடித்து, அடுத்த கதிரின் நல்ல இழையையும் அறுத்துவிடும். அறுந்த இழை அவ்வளவு கேடு செய்வதில்லை. காணாமல் விடப்பட்ட இழையே செய்கிறது. கடன் பட்டவன் நால்வரிடத்து மறைக்கிறான். அந்நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இல்லத்தாரிடம் மறைத்தல்

முதலாவது இல்லத்தாரிடம் மறைத்தல். ஆலை பூட்டப்பட்ட பின்னரும், காலையில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் புறப்படுவதுபோல் புறப்பட்டு, பூங்காவிலும் இரயில் நிலையத்திலும் பொழுதைக் கழித்து, மாலையில் வீடு திரும்பிய தோழர்களை நாம் அறிவோம். மனைவி அஞ்சக் கூடாது, மக்கள் வாடக் கூடாது என்னும் அன்பே அவர்களை அவ்வாறு செய்வித்தது. ஆனால் அவ்வன்பு யாருக்கு ஊதியம் தந்தது?

நம்மோடு வேலை செய்த அன்பர் ஒருவர் பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினார். பத்து வட்டி என்பது மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு நூற்றிருபது. மாதந்தோறும் 2,000 ரூபாயை, ஒருவர்க்கும் தெரியாமல் அங்கும் இங்கும் கைமாற்று வாங்கிச் செலுத்தி வந்தார். 14 மாதங்கள் சென்றன. செலுத்தியது 28,000 ரூபாய்; அசல் 20,000 அப்படியே நின்றது. ஒருநாள் வட்டிக்காரன் வாயிலுக்கு வந்துவிட்டமையால் செய்தி வெளிப்பட்டது. அவ்வம்மையார் அழுதார், பின்பு, தாம் பூக்கட்டிச் சேர்த்துக் கட்டிவந்த சீட்டை எடுத்து, அவ்வாரத்திலேயே அசலை அடைத்தார். முதல் மாதமே சொல்லியிருக்கலாகாதா என்று மட்டும் கேட்டார். அந்த 28,000 ரூபாயும் மறைப்புக்கு அவர் இறுத்த வட்டி அன்றோ?

மனைவியரும் மறைப்பதுண்டு. குழுவில் வாங்கிய கடனைக் கணவனுக்குத் தெரியாமல் கட்டிவரும் தாய்மார் நம்மிடையே பலர். அவர்களுக்கும் இது பொருந்தும்.

அங்குத்தர நிகாயத்தில் நகுலமாதாவின் வரலாறு உள்ளது. கணவர் நகுலபிதா கடும்பிணியுற்றுக் குடும்பத்தை நினைந்து கலங்கிக் கிடந்தபோது, அவ்வம்மையார் அவர் கவலையைத் தாமே எடுத்துச் சொல்லித் தீர்த்தார். பருத்தி நூற்கவும் கம்பளி மயிரைச் சிக்கெடுக்கவும் தாம் வல்லவர் என்றும், மக்களைக் காத்து இல்லத்தை நடத்துவார் என்றும் உறுதி கூறினார். நகுலபிதா பிணி நீங்கி எழுந்தார். கணவனுடைய அச்சம் இன்னதென்று மனைவி அறிந்திருந்தமையாலன்றோ அதற்கு மருந்து சொல்ல முடிந்தது? அறியாத அச்சத்திற்கு மருந்து சொல்லவல்லார் எவரும் இலர்.

தன்னிடமே மறைத்தல்

இரண்டாவது தன்னிடமே மறைத்தல். எவ்வளவு கடன் என்று கேட்டால், ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்பவன் தன் கணக்கைத் தானே காண அஞ்சுகிறான். கோலியர் குலத்துத் தீகஜாணு என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் அருளிய போதனையில், முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லார் நட்பு, அளவறிந்து வாழ்தல் என நான்கு நலங்கள் கூறப்பட்டுள. அளவறிந்து வாழ்தலுக்குத் தராசு பிடிப்போனை உவமை காட்டினார். தட்டு இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அவன் கண்ணெதிரே அறிகிறான். தட்டைத் துணியால் மூடிவிட்டு நிறுப்பவன் எவன்?

ஆகவே, வேலையிழந்த வீட்டார் ஒரு மாலைப்பொழுது புத்தர் திருவுருவின் முன் விளக்கேற்றி ஒருங்கே அமர்க. பள்ளியிற் படிக்கும் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். முதற்பக்கம் கடன்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, அடகு யாது, ஜாமீன் யார்? இரண்டாம் பக்கம் வரவு: வருவது, வரவேண்டியது. மூன்றாம் பக்கம் செலவு: அரிசி, வாடகை, மின்சாரம், மருந்து, பள்ளி.

கடன் பக்கத்தில் வட்டியை ஆண்டுக் கணக்காக மாற்றி எழுதுதல் வேண்டும். ரூபாய்க்கு மூன்று பைசா வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். அது ஆண்டுக்கு நூற்றுக்கு 36. தண்டல் கடனைப் பாருங்கள். கையில் தருவது 8,500 ரூபாய்; நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாளில் தண்டுவது 10,000. ஆயிரத்தைந்நூறுதானே கூடுதல் என்று எண்ணுவோம். ஆயினும் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், அந்நூறு நாளில் சராசரியாக நம் கையில் நிற்பது 4,250 ரூபாயே. அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 129 ஆகிறது. இதனை எழுதிப் பார்த்த பின்னர், எக்கடனை முதலில் தீர்ப்பது என்று வேறெவரும் சொல்லவேண்டியதில்லை.

வரிசை இதுவே: முதலில் உணவும் மருந்தும் குடியிருப்பும், அடுத்து உச்ச வட்டிக் கடன், அதன்பின் ஏனையவை. ஆளவியில் பசியோடு வந்த உழவனுக்கு உணவளிக்கச் செய்த பின்னரே பகவன் அறமுரைத்தார் என்பது தம்மபத உரையில் வரும் வரலாறு. குழந்தையின் பாலை நிறுத்தி வட்டி கட்டுதல் நாணயமாகாது. பீரோவில் கிடக்கும் நகை உண்டாயின், அதனை வங்கியில் வைத்துப் பத்து வட்டியை அடைத்தல் நன்று. வங்கியின் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். ஆனால் புதுக்கடன் வாங்கும் அன்றே பழங்கடனை முடித்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்பப் பெறுதல் வேண்டும். இல்லையேல் ஒன்றிருந்த இடத்தில் இரண்டாகும். எழுதாத முத்திரைத்தாளிலும் நிரப்பாத காசோலையிலும் கையொப்பம் இடற்க. வேலையற்றிருக்கும் காலத்தில் பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்க வேண்டா.

தீகஜாணுவுக்கு அருளிய அதே போதனையில் ஏரி உவமையும் வருகிறது. நான்கு வழியாக நீர் வரும் ஏரிக்கு நான்கு மடைகளும் உள. மழை பொய்த்து, வரத்துக் கால்கள் அடைபட்டு, மடைகள் மட்டும் திறந்திருப்பின் ஏரி வற்றும். காமக் களியாட்டு, குடி, சூது, தீயார் சேர்க்கை ஆகியவை அம்மடைகள். கோலார் வட்டாரத்து ஏரிகளைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலை போனபோது வரத்துக்கால் அடைபட்டது. அது நம் கையில் இல்லை. மடையை அடைப்பது நம் கையில் உள்ளது. வேலையிழந்தவன் துயர் மறக்கக் குடிக்கிறான். மறந்த துயர் மறுநாள் வட்டியோடு வருகிறது. அம்பேத்கர் பெருமான் 1956 இல் நாகபுரியில் நம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மதுவிலக்கும் ஒன்று என்பதை மறவற்க. பணம் வைத்தாடும் கைப்பேசிச் சூதை நாடாளுமன்றம் 2025 இல் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் நம் வீட்டு மடையை நாமே அடைத்தல் வேண்டும்.

வரவேண்டியவற்றையும் பலர் தம்மிடமே மறைத்துக்கொள்கின்றனர். அஃதாவது, கேட்காமல் விட்டுவிடுகின்றனர். ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்க்குப் பணிக்கொடை உரிமையுண்டு. 1972 இல் சட்டமாகிய உரிமை அது. ஓராண்டுக்கு 15 நாள் கூலி; மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடவேண்டும். அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் பெற்றவர்க்கு நாட்கூலி 600; ஓராண்டுக்கு 9,000; இருபதாண்டுக்கு 1,80,000 ரூபாய். இதனைத் தராதவர் மீது தொழிலாளர் துறையில் முறையிடலாம். வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்நிதியின் அலுவலகத்திலேயே கேட்டறிக. 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுப் பணி நிறைந்தவர்க்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆதலின் பழைய சீட்டுகளைக் கிழித்தெறிய வேண்டா. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றிருந்து, ஆலைமூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தோர்க்கென 2005 இல் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது; தமக்குத் தகுதியுண்டா என்று கிளை அலுவலகத்தில் வினவுக.

மொத்தமாகப் பணம் கைக்கு வரும் நாளே ஆபத்தான நாள். மகளின் திருமணம், வீட்டின் மேல்தளம், மைத்துனனின் வியாபாரம் என்று பத்துக் கைகள் நீளும். பகவன் சிகாலனுக்குச் சொன்ன பங்கீட்டை நினைவிற் கொள்க: ஒரு பங்கு வாழ்க்கைக்கு, இரு பங்கு தொழிலுக்கு, நான்காம் பங்கு இடர் வருங்காலத்திற்குச் சேமிப்பு. உச்ச வட்டிக் கடனை அடைத்தபின் எஞ்சியதை இவ்வாறு பங்கிட்டு, வாழ்க்கைப் பங்கு எத்தனை மாதத்திற்கு வரும் என்று அந்நோட்டில் எழுதுக.

கடன் கொடுத்தவரிடம் மறைத்தல்

மூன்றாவது கடன் கொடுத்தவரிடம் மறைதல். தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளையை விட்டு அப்பா இல்லை என்று சொல்லச் செய்வது எத்துணை இழிவு! நான்காம் சீலத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்கவேண்டிய வாயே அதனை மீறக் கற்பிக்கிறது. அவர் வருமுன் நாமே செல்லுதல் வேண்டும். வேலை போயிற்று; இவ்வளவே வரவு; மாதம் இவ்வளவுதான் இயலும்; தவணையை நீட்டித் தருக என்று நோட்டைக் காட்டிக் கேட்பதில் இழிவு இல்லை. வங்கியாயின் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குக. எப்போது பணம் கட்டினும் இரசீது பெறுக.

அவ்வாறு முன்சென்று நின்றவனை அச்சுறுத்த எவர்க்கும் உரிமை இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022 இல் வகுத்த விதிகளின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஏவும் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாது. நுண்கடனாயின் காலை 9 முதல் மாலை 6 வரையே. ஆண்டு வருவாய் மூன்று இலட்சத்திற்கு மேற்படாத குடும்பத்திற்கு நுண்கடன் கொடுப்போர், அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயில் பாதியைத் தாண்டாமல் பார்த்தல் வேண்டும். கருநாடகத்தில் 2025 இல் வந்த சட்டம், பதிவின்றிக் கடன் கொடுத்துக் கொடுமையால் வசூலிப்போர்க்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது.

தேரிகாதையில் இசிதாசி என்னும் தேரியின் வரலாறு வருகிறது. முற்பிறப்பொன்றில் வண்டிக்காரன் மகளாகப் பிறந்த அவளை, வட்டி பெருகியமையால் வணிகத் தலைவன் ஒருவன் அழ அழ இழுத்துச் சென்றான். அக்கொடுமை நம் நாட்டில் 1976 இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தால் குற்றமாயிற்று. கடனுக்காக மனைவி மக்களை வேலைக்கு அனுப்பக் கேட்பவனுக்கு அந்தச் சட்டமே மறுமொழி.

இக்காலத்தில் லோன் ஆப் என்னும் கைப்பேசிக் கடனும் வந்துள்ளது. அவற்றுள் முறையற்றவை, நம் கைப்பேசியில் உள்ள பெயர்களையும் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, உறவினர் அனைவர்க்கும் தெரிவித்து மானத்தை வாங்குவோம் என்று மிரட்டுகின்றன. அவர்கள் அடகு பிடித்திருப்பது யாது? நம் மறைப்பையே! வீட்டார்க்கும் நண்பர்க்கும் முன்னரே சொல்லிவிட்டவனிடம் அம்மிரட்டல் செல்லாது. அவன் காவல் நிலையத்திற்கும் நிமிர்ந்து செல்வான்.

சங்கத்தாரிடம் மறைத்தல்

நான்காவது சுற்றத்தாரிடமும் சங்கத்தாரிடமும் மறைத்தல். வேலை போன மறுமாதமே பௌர்ணமிக் கூட்டத்திற்கு வாராது நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. தட்டில் இட ஒன்றுமில்லையே என்னும் கூச்சம் அவர்களைத் தடுக்கிறது.

அனாதபிண்டிகரை விடப் பெரிய கொடையாளி உண்டோ? அப்பெருமகனும் பொருளிழந்தார் என்று தம்மபத உரை கூறுகிறது. வணிகர்க்குக் கொடுத்த கடன் மீளவில்லை. ஆற்றங்கரையில் புதைத்த பொருள் வெள்ளத்தில் போயிற்று. அங்குத்தர நிகாயத்தின் ஒன்பதன் தொகுதியில், இல்லத்தில் தானம் நிகழ்கிறதா என்று பகவன் அவரை வினவுகின்றார். நிகழ்கிறது, ஆனால் நொய்யரிசியும் புளித்த கஞ்சியுமே என்று அவர் விடையிறுக்கின்றார். மறைக்கவில்லை, சொல்லக் கூசவும் இல்லை. பகவனும் அதனை இகழவில்லை. கொடுக்கும் பொருளின் மேன்மையை விடக் கொடுக்கும் மனத்தின் மேன்மையே பெரிதென்று அருளினார். ஆதலின் வேலையற்ற அன்பர் வெறுங்கையோடு வருக. ஒரு செம்பு நீர் கொண்டுவந்து போதிமரத்திற்கு ஊற்றுவதும் தானமே.

வேலையுள்ள அன்பர்க்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. துன்புற்றோன் உண்மை சொல்லத் துணிவது, கேட்போர் நகையார் என்று அறிந்தால் மட்டுமே. கடன் பட்டவன் பெயரைத் தெருவில் பேசுவோர் அவனை மறைப்புக்குத் துரத்துகின்றனர். அவன் இறுக்கும் வட்டியில் அவர்களுக்கும் பங்குண்டு. வேலையற்ற வீட்டில் மொய்யை எதிர்பாராதீர். குழுக் கடனில் ஒரு சகோதரி தவணை தவறினால், அவள் வாயிலில் கூட்டம் கூட்டாதீர். அவளோடு கிளை அலுவலகத்திற்குச் சென்று கால நீட்டிப்புக் கேளுங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் கணக்கறிந்த இருவர், மாதம் ஒரு மாலை, வருவோரின் நோட்டைப் பார்த்து விண்ணப்பம் எழுதித் தருவாராயின், கல்யாண மித்திரர் என்னும் பெயர் அவர்களுக்கே தகும்.

மாசற்ற இன்பம்

முடிவாக ஒன்று. பகவன் அனாதபிண்டிகர்க்கு இல்லறத்தாரின் நான்கு இன்பங்களை எடுத்துரைத்தார்: பொருள் உடைமை, பொருளைத் துய்த்தல், கடனின்மை, மாசின்மை. முன்னைய மூன்றும், மாசற்ற வாழ்வாகிய நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்றார். வேலையிழந்தவனிடமிருந்து முதல் மூன்றும் பறிபோகக்கூடும். நான்காவதைப் பறிக்க எந்த ஆலை முதலாளியாலும், எந்த வட்டிக்காரனாலும் இயலாது. பொய்யின்றி, களவின்றி, குடியின்றி, கணக்கைத் திறந்து வைத்து, இயன்றதை இறுத்து வாழ்பவன், கடன் பட்டிருக்கும்போதே அவ்வின்பத்தை உடையவனாகிறான்.

கடன் சுமையால் உயிரை விட எண்ணுவோர் இக்கூட்டத்திலும் இருக்கலாம். அன்பரே, உம்மிடம் நாம் நேரே பேசுகிறோம். உம் உயிர் எவருக்கும் எழுதிக் கொடுத்த அடகன்று. தந்தை பட்ட கடனுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மேல் மக்கள் பொறுப்பாளர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தந்தை விட்டுச் சென்ற துயருக்கு அவ்வாறான எல்லை இல்லை. அதனை மக்கள் வாழ்நாள் முழுதும் சுமப்பர். அவ்வெண்ணத்தையும் மறைக்க வேண்டா. மறைப்பில் வளர்வனவற்றுள் அதுவே கொடிது. இன்றிரவே ஒருவரிடம் சொல்லும். அருகில் ஒருவரும் இலராயின், அரசு 2022 இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416 எந்நேரமும் எடுக்கப்படும், தமிழிலும் பேசலாம்.

இன்று வீடு சென்றதும் நோட்டைத் திறவுங்கள். முதற்பக்கத்தில் முதற்கடனை எழுதுங்கள். எழுதிய அப்பொழுதே ஒரு வட்டி நின்றுவிட்டது என்று அறியுங்கள். அதனை இல்லத்தார் முன் படியுங்கள்.

புத்தம் சரணம்! தம்மம் சரணம்! சங்கம் சரணம்!

சாது! சாது! சாது!